முன் அச்சில் 1,390 கிலோ

1

இந்தக் கதையை என் மாமாவைக் கிண்டல் செய்வதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி வழியில் கதை வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. யாரை என்று அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். போன வருடம் அக்காவின் வண்டியை அவளுக்குத் தெரியாமல் ஓட்டிக்கொண்டுபோய், முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு அங்குலம் உயர்த்தி, முன்னால் ஓர் இரும்பு பம்பரும் மாட்டிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பிறந்தநாள் பரிசாம். ஏற்கெனவே உயரமான எஸ்.யூ.வி. அக்காவோ என் தோளுக்குத்தான் வருவாள். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. உள்ளே போய், குளியலறை முக்காலியை எடுத்துவந்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டு, அதன்மேல் ஏறி வண்டிக்குள் ஏறினாள். பிறகு கதவைத் திறந்து, குனிந்து, முக்காலியையும் உள்ளே எடுத்துக்கொண்டாள். "இறங்கணும் இல்ல," என்றாள்.

அந்த நிமிஷமே இதை எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

தொடக்கம் ஒன்று: [ஒருவன் தன் மனைவியை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறான் என்பதை அங்குலத்தில்] நிறுத்திவிட்டேன். கல்யாண வாழ்த்து மடல் வாடை அடித்தது.

தொடக்கம் இரண்டு: [முன் சக்கர சஸ்பென்ஷன் என்பது, சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே] இது கையேடு. நான் பிழைப்புக்குக் கையேடு எழுதுகிறவன். மிக்ஸி, சலவை இயந்திரம், வெந்நீர்க் கொதிகலன். "படம் 3-ஐப் பார்க்கவும்" என்று எப்போதாவது படித்துவிட்டு நீங்கள் படத்தைத் தேடி அலைந்திருந்தால், அதை எழுதியது நானாக இருக்கலாம். மன்னிக்கவும்.

அடித்துவிட்ட வரிகளை ஏன் விட்டுவைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். இது அக்காவின் அலுவலக வழக்கம். அவள் நீரளவைத் துறையில் இருக்கிறாள். மலைப்பக்கம் ஓடைகளில் ஒன்பது இடத்தில் அளவுகோல் நட்டிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை ஒன்பதுக்கும் போய், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அந்தக் களக்குறிப்பேட்டில் ரப்பரால் அழிப்பது பெரிய குற்றம். தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். நான் கோட்டுக்குப் பதிலாக அடைப்புக்குறி போடுகிறேன்.

2

இப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டு வேண்டும். நிஜமாகவே எழுந்துபோய் எடுத்துவாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

தட்டை உங்கள் வலது பக்கத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டு கைகளையும் அந்தப் பக்கமே நீட்டி, ஒரு கையால் தட்டின் மேல் விளிம்பையும் இன்னொரு கையால் கீழ் விளிம்பையும் பிடியுங்கள். நீங்கள் வண்டி. தட்டு, முன் சக்கரம். மேலே இருக்கும் கைக்கு அப்பர் ஆர்ம் என்று பெயர், கீழே இருப்பது லோயர் ஆர்ம். மணிக்கட்டு இருக்கும் இடத்தில் வண்டியில் ஓர் எஃகுக் குண்டு உட்கார்ந்திருக்கும். அதுதான் பால் ஜாயின்ட். தோள் மூட்டு இருக்கும் இடத்தில் ரப்பர் புஷ். தட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தட்டு ஆடுகிறது, உங்கள் தலை ஆடவில்லை. சஸ்பென்ஷன் என்பது அவ்வளவுதான். நடுவில் ஒரு ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்க ஒரு ஷாக் அப்சார்பர்.*

சரி, தட்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நீங்கள் நுனிக்காலில் எழும்புங்கள். கைகள் இரண்டும் கீழ்நோக்கிச் சரிகின்றன இல்லையா? மணிக்கட்டு மடங்குகிறதா? இதைத்தான் மாமா பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார்.

இந்த நிலையில் எதிரே ஒரு பள்ளம் வந்தால் தட்டு இன்னும் இறங்க வேண்டும். ஆனால் கை ஏற்கெனவே தொங்கிவிட்டது, மணிக்கட்டும் மடங்குகிற அளவுக்கு மடங்கிவிட்டது. அப்போது வண்டியில் "டொக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் இருக்கை வழியாக ஏறி நேரே முதுகுத்தண்டுக்குப் போகும்.

இங்கேதான் நான் விளையாட்டை நிறுத்த வேண்டும். அக்காவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் இடுப்பில் ஒரு தட்டு விலகியது. (சாப்பாட்டுத் தட்டு இல்லை. இப்போது அதைக் கீழே வைத்துவிடலாம்.) நான்கு மாதம் படுக்கை, பிறகு பயிற்சி, பிறகு பெல்ட். எலும்பு மருத்துவர் கடைசியாகச் சொன்னது: "வண்டி குலுங்கலைன்னா தாராளமா போங்க. குலுங்குச்சுன்னா ஆபீஸ்ல உட்காருங்க."

ஆபீஸில் உட்காருவது என்றால், மற்றவர்கள் அனுப்பும் அளவுகளைச் சரிபார்க்கும் மேஜை வேலை. அக்கா அதை இப்படிச் சொல்வாள்: "இன்னொருத்தி நனைஞ்சு எடுத்த நம்பரை நான் காஞ்ச கையால திருத்தணும்." பத்தொன்பது வருடமாக அந்த ஒன்பது ஓடைகளையும் அவள்தான் பார்க்கிறாள். ஆகவே, அந்த "டொக்"கை நிறுத்த முன் சக்கரத்துக்கு எந்த உதிரிபாகம் வாங்குவது என்ற கேள்வி எங்கள் வீட்டில் சாதாரணக் கேள்வி இல்லை. சரியாக வாங்கினால் அவளுக்கு ஓடை. தப்பாக வாங்கினால் மேஜை.

* ஸ்பிரிங் குலுக்கலை வாங்கிக்கொள்ளும், ஷாக் அதை அடக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் மிகக் குறைவு. இனி நீங்கள் அவர்களில் ஒருவர்.

3

பட்டறைக்காரரின் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. கேம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேம்பர் என்பது, முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். வண்டியில் என்ன கெட்டாலும் அவர் "முதல்ல கேம்பரைப் பார்த்துடலாம்" என்பார். ஹாரன் அடிக்கவில்லை என்று போனாலும் அதேதான்.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். கதைகளில் வரும் மெக்கானிக்குகள் இரண்டாம் பக்கத்திலேயே ஞானியாகிவிடுகிறார்கள். இவரை அப்படி விடக் கூடாது என்று ஒரு குறை தேடினேன். கிடைத்தது. அவருக்கு வண்டியில் போனால் வாந்தி வரும். முப்பது வருடமாகச் சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறவர், வீட்டிலிருந்து பட்டறைக்கு நடந்துதான் வருகிறார். நான் கற்பனை செய்திருந்தால் இன்னும் நம்பும்படியாகச் செய்திருப்பேன்.

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, "யாரு இதைத் தூக்குனது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் மாமா, பாராட்டு வரப்போகிறது என்ற முகத்தோடு.

"ஸ்பிரிங்குக்கு மேல வளையம் வெச்சுத் தூக்கியிருக்கீங்க. நாற்காலிக்கு அடியில செங்கல் வெச்சா நாற்காலி உயரும் சார். மெத்தை ஆயிடுமா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் நாற்காலியைப் பார்த்தேன்.

கேம்பர் இரண்டு அப்பர் ஆர்ம்களை மேஜையில் வைத்தார். இரண்டுமே உயர்த்திய வண்டிக்கென்று செய்தவை. அதிகம் மடங்கும் மணிக்கட்டு; அதோடு, உயர்த்தியதால் நிமிர்ந்துபோன சக்கரத்தின் அச்சுக்கோட்டைத் திரும்பவும் பின்னால் சாய்க்கும் அமைப்பு. சைக்கிளின் முன்கவை பின்னால் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வு இருப்பதால்தான் சைக்கிள் நேர்கோட்டில் ஓடுகிறது. சாய்வு குறைந்தால் ஸ்டியரிங் அலையும்.

மாமா உடனே பளபளப்பாக இருந்ததைக் கையில் எடுத்தார். அதில் எஃகுக் குண்டு வெளியே தெரிந்தது. மற்றதில் ரப்பர் தொப்பி போட்டு மூடியிருந்தது.

"இதுதான் நல்லா இருக்கு. ரேஸ் வண்டில போடறதுதானே? பவர் கூட இருந்தா நல்லதுதானே?"

"கடைல இப்படித்தான் குடுக்கறீங்களா?" என்றாள் அக்கா. "தலைவலின்னு வந்தா இருக்கறதுலயே பெரிய மாத்திரையா?"

"மேடம், ஓடை எத்தனை தாண்டுவீங்க?" என்று கேம்பர் கேட்டார்.

"போக அஞ்சு, வர அஞ்சு."

"அப்ப மூடுனது. திறந்த குண்டுல சேறு போனா அரைச்சுடும். ரேஸ் ஓட்டறவங்க வாரா வாரம் கழட்டித் தொடைப்பாங்க. நீங்க தொடைப்பீங்களா?"

"நான் எங்க தொடைக்கறது. இவர் தொடைப்பார்."

மாமா பளபளப்பானதை மேஜையில் திரும்ப வைத்தார். அடுத்து, தோள்மூட்டு புஷ் ரப்பரிலா, பாலியூரித்தேனிலா என்ற கேள்வி. பாலி விறைப்பாக இருக்கும், அதிக நாள் உழைக்கும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். ரப்பர் மெத்தென்று இருக்கும். முதுகுக்கு ரப்பர் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். இந்த அளவுக்கு நாங்கள் ஒற்றுமையாக இருந்தது அதுதான் கடைசி.

"இனி ஸ்பிரிங்," என்றார் கேம்பர். மூன்று தரத்தில் வருமாம். முன்னால் கூடுதல் எடை ஐம்பது கிலோவுக்குள் என்றால் முதல் தரம். நூற்றுப்பத்து வரை இரண்டாம் தரம். அதற்கு மேல் மூன்றாம் தரம், அதாவது முரட்டு ஸ்பிரிங். "எடைன்னா எப்பவும் வண்டிலயே இருக்கற எடை."

"இரும்பு பம்பர் இருக்கு. அப்புறம், சேத்துல மாட்டினா இழுக்கறதுக்கு வின்ச் ஒண்ணு போடப்போறேன்," என்றார் மாமா.

"போட்டதை மட்டும் சொல்லுங்க சார். போடப்போறது ஸ்பிரிங்குக்குத் தெரியாது. எதுக்கு வாய்க்கணக்கு? முன் அச்சை மட்டும் எடை போட்டுச் சீட்டு வாங்கிட்டு வாங்க."

4

[இங்கே எடைமேடைக் காட்சி. வேடிக்கையாக. அரைப் பக்கம். பிறகு எழுதிக்கொள்ளலாம்.]

சீட்டில் வந்தது 1,390 கிலோ. ஓட்டுநர் உட்கார்ந்திருக்க, வேறு எதுவும் மாட்டாத நிலையில் முன் அச்சில் 1,180 என்று வண்டியின் புத்தகத்தில் போட்டிருந்தது. வித்தியாசம் இருநூற்றுப் பத்து.

"பம்பர் நாப்பது கிலோன்னு சொன்னாங்களே?" என்றேன்.

"நல்ல இரும்பு மாப்ளே," என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்தி.

மூன்றாம் தரம் வாங்கினோம். மாட்டி இறக்கியதும் கேம்பர் நாடாவை வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தார். நெற்றியைச் சுருக்கினார். வரவேண்டிய உயரத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாக வந்திருந்தது.

"ஒரு அங்குலம் சும்மாவே கிடைச்சிருக்கு," என்றார் மாமா.

"எடைச் சீட்டு சரிதானா தம்பி?" என்று கேம்பர் என்னைக் கேட்டார்.

"நான் பக்கத்துலயே நின்னேன். என் கண்ணால பார்த்தேன்."

இந்த வரியை எழுதும்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் அக்கா சுற்றுக்குப் போனாள். ஸ்டியரிங் நேராக நின்றதாம். அப்பர் ஆர்ம் எதன்மேலும் இடிக்கவில்லையாம். ஆனால் ஒவ்வொரு கல்லும் எழுந்துவந்து இடுப்பில் தட்டியதாம். நான்காவது அளவுகோலோடு திரும்பிவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு சுற்றை அவள் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை.

"நல்ல ஆர்ம், நல்ல புஷ், புது ஸ்பிரிங். எல்லாமே புதுசு," என்றாள். "பழசு என் முதுகுதான்."

மேலதிகாரி ஒரு படிவம் கொடுத்தனுப்பினார். அதில் இரண்டு கட்டம்: 'அலுவலகப் பணிக்கு மாற விரும்புகிறேன்', 'களப்பணியில் தொடர விரும்புகிறேன்'. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவள் முதல் கட்டத்தில் பென்சிலால் லேசாக ஒரு குறி போட்டு, பெல்ட்டை மடித்து அதன்மேல் வைத்திருந்தாள்.

நானோ மாடியறையில் உட்கார்ந்து முக்காலிக் காட்சியை மெருகேற்றிக்கொண்டிருந்தேன். மெலிதான சோக முடிவு வந்தால் நகைச்சுவைக் கதைக்கு ஒரு கனம் கூடும் என்றுகூட நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

5

செவ்வாய்க்கிழமை காலை, விட்டுவைத்த எடைமேடைக் காட்சியை எழுத உட்கார்ந்தேன். எழுதியது இதுதான்:

[எடைமேடை பழைய இரும்புக் கடையின் முற்றத்தில் இருந்தது. தரையோடு தரையாகப் பதித்த அகலமான இரும்புத் தகடு. அக்கா முன் சக்கரங்களை மட்டும் தகட்டில் ஏற்றி, பின் சக்கரங்களை மண்ணில் விட்டு நிறுத்தினாள். அதற்குள் அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட, குனிந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். எடைபோடும் அம்மா ஜன்னலுக்குப் பின்னால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தன் பம்பரை ஒரு கையால் அணைத்தபடி நின்றார். எடைமேடை எப்படி வேலை செய்கிறது என்று நான் அவருக்கு விளக்கினேன். "நம்ம காலுக்கு நேர் கீழே, நாலு மூலைலயும் நாலு லோட் செல் இருக்கு மாமா. மேல என்ன நின்னாலும் அது ஒரு மயிரிழை நசுங்கும், அந்த நசுங்கல்தான் நம்பரா வரும்" என்று சொல்லி, காட்டுவதற்காகக் காலால் தகட்டை இரண்டு முறை]

தட்டினேன் என்று எழுத வேண்டும். எழுத முடியவில்லை.

என் கால் தகட்டின்மேல் இருந்தது. மாமாவின் காலும்.

இதை எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டியிருப்பேன். வேடிக்கையாக, முகபாவங்களோடு, மாமாவின் குரலை மிமிக்ரி செய்துகூட ஓட்டியிருக்கிறேன். எங்கே நின்றோம் என்று எழுதவேண்டி வந்தபோதுதான் தெரிந்தது. என் எடை எழுபத்தெட்டு. மாமா தன் எடை எண்பத்தைந்து என்பார். எங்கள் இருவரையும் தாங்கும் ஸ்பிரிங்கை அக்காவின் வண்டிக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். தாங்குவதற்கு நாங்கள் வண்டியில் இல்லை. எடை இல்லாமல் அந்த முரட்டு ஸ்பிரிங் ஓர் அங்குலம் நிமிர்ந்து நின்றுவிட்டது. சக்கரம் பள்ளத்தில் இறங்க இடம் இல்லை. கல்லில் ஏறும்போது ஸ்பிரிங் வளைந்துகொடுக்கவும் இல்லை.

நான் கதாசிரியன் இல்லையா? என்னை இரண்டடி நகர்த்திக்கொள்வது எனக்கு எவ்வளவு சுலபம் தெரியுமா? செய்தும் பார்த்தேன்.

[நாங்கள் இருவரும் தகட்டைவிட்டுத் தள்ளி, ஒரு பழைய பீரோவின் நிழலில் நின்றோம்.]

அழகான வாக்கியம். பீரோவின் நிழல்கூட வந்துவிட்டது. ஆனால் நான் இறங்கினால் அந்த 1,390-க்கு வேறு யாராவது பொறுப்பேற்க வேண்டும். எடைபோடும் அம்மாவின் இயந்திரம் பழுது என்று எழுதலாம். பாவம், அவர் யாருக்கு என்ன செய்தார். கேம்பர் தரம் மாற்றி மாட்டிவிட்டார் என்று எழுதலாம். அவரை ஞானியாக விடக் கூடாது என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், வசதியாகப் போயிற்று. இல்லாவிட்டால் எதுவும் எழுதாமல் விடலாம். வெள்ளிக்கிழமை அவள் முதுகைக் குறை சொல்லிக் கையெழுத்துப் போடுவாள். கதைக்கும் அந்த மெலிதான சோகம் கிடைத்துவிடும்.

அந்தக் கடைசி வழியை நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரம். சொல்லிவிடுகிறேன்.

6

எப்படிச் சொல்வது என்று மூன்று வரைவு எழுதினேன். மூன்றிலும் முதல் பத்தி லோட் செல் பற்றி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுக் கதையையே கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

அக்கா கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலிமேல் வைத்திருந்தாள். மருத்துவர் சொன்ன பயிற்சி. மாமா சோபாவில் உட்கார்ந்து, பின்பக்க ஷாக் விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார்.

"கதை எழுதியிருக்கேன். படிக்கட்டுமா?"

"படி. எழுந்து ஓட முடியாத நிலைமைலதான் இருக்கேன்," என்றாள்.

முக்காலிக்குச் சிரித்தாள். பெரிய மாத்திரைக்கு மாமாவும் சிரித்தார். எடைமேடைக் காட்சியைப் படித்தேன். "இரண்டு முறை" என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"ரெண்டு முறை என்னடா?"

"தட்டினேன்."

"எதை?"

"தகட்டை."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அளக்கிறவள். எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது அவளுக்கு மூன்று விநாடி ஆயிற்று.

"மேல நின்னுக்கிட்டா?"

"ஆமா."

"இவரும்?"

மாமா பட்டியலை இறக்கினார். "நான் பம்பரைத்தான் பிடிச்சுட்டு இருந்தேன்."

"பம்பரைப் பிடிச்சுக்கிட்டு அந்தரத்துலயா மிதந்தீங்க?"

மாமா பட்டியலை மடித்துச் சோபாவில் வைத்தார். பிறகு அக்கா மெதுவாகச் சொன்னாள்: "பன்னெண்டு நாளா நான் என் முதுகைத் திட்டிக்கிட்டு இருக்கேன்டா. பல் தேய்க்கும்போது, குளிக்கும்போது, பஸ்ல போகும்போது. இது போச்சு, இனிமே இது ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு. எத்தனை வருஷம் என்னைத் தூக்கிச் சுமந்த முதுகு."

இப்படிப்பட்ட நேரத்தில் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். விளக்க ஆரம்பித்தேன். "அதான்க்கா, உன் முதுகுல ஒண்ணும் இல்ல. ஸ்பிரிங்தான் காரணம். மூணாம் தரத்துல என்ன ஆகும்னா..."

"நிறுத்து. என் முதுகுல ஒண்ணும் இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஸ்பிரிங்கும் தப்பா இருக்கலாம், முதுகும் தேஞ்சிருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஒரு அளவு தப்புன்னு தெரிஞ்சா அடுத்தது சரின்னு அர்த்தமா?"

கையிலிருந்த தாள்களை மடித்தேன்.

"நாளைக்குக் காலைல போய்த் திரும்ப எடை போடுவோம்," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் தெருவுல நில்லுங்க."

7

தெருவில் நின்றோம். சீட்டு 1,220 என்றது. புத்தகத்தில் போட்ட 1,180, பம்பர் நாற்பது. கணக்கு அப்படியே உட்கார்ந்தது.

ஒரு சிறிய பக்கவிளைவைத் தவிர. 1,390-லிருந்து 1,220 போனால் நூற்றெழுபது. அதில் நான் எழுபத்தெட்டு. மீதியை அக்கா வாயாலேயே கழித்துவிட்டு மாமாவைப் பார்த்தாள்.

"தொண்ணூத்திரெண்டு."

"மெஷின் பத்து கிலோ முன்னபின்ன காட்டும்," என்றார் மாமா.

"அஞ்சு கிலோதான் மாமா," என்றேன்.

"நீ வாயை மூடு மாப்ளே. உன்னாலதான் எல்லாம்."

கேம்பர் இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது பொன்மொழி சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன், கதை கெட்டுப்போகும். நல்லவேளை, "கண்ணால பார்த்தேன்னு சொன்னீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். வின்ச் போட்ட வண்டிக்காரர் ஒருவர் முரட்டு ஸ்பிரிங் கேட்டுக் காத்திருந்ததால், எங்களுடையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு முதல் தரத்தை மாட்டினார். நாடாவால் அளந்தார். வரவேண்டிய உயரம், நூல் பிசகாமல் வந்தது. பிறகு சக்கரத்தின் கேம்பரைப் பார்த்தார். அதுவும் சரி.

"ஒரு சுத்து ஓட்டிப் பாருங்களேன்," என்றார் மாமா அவரிடம், மறந்துபோய்.

கேம்பர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

8

இது வெள்ளிக்கிழமை காலை. நேற்றிரவுக்குள் மூன்று முடிவுகளைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அ. ஒன்பதாவது அளவுகோலில் அவள் காலை ஓடையில் நனைத்துக்கொண்டு நிற்கிறாள், வலி இல்லை, இரண்டாவது கட்டத்தில் குறியிடுகிறாள். (கைதட்டல்.)

ஆ. ஆறாவதில் வலி வந்துவிடுகிறது. ஸ்பிரிங் சரி, முதுகுதான். அவள் அமைதியாக முதல் கட்டத்தில் குறியிடுகிறாள். நான் குற்றவாளி இல்லை என்று ஆகிவிடுகிறது. அந்த நிம்மதிதான் எனக்குத் தண்டனை. (இது இலக்கியம்.)

இ. ஜன்னல் வழியாகக் காற்றில் படிவம் பறந்து ஓடையில் விழுகிறது. (மாமாவின் யோசனை.)

காலை உணவின்போது அக்கா மூன்றையும் படித்தாள். "என் முதுகுக்கு முடிவு எழுத நீ யாருடா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல. "கதையைப் போடணும்னா போடு. ஆனா நான் வண்டி எடுக்கறதோட முடிச்சுடணும். அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு நீயும் கேக்காத, எழுதவும் எழுதாத."

"படிக்கறவங்க கேப்பாங்களே?"

"அவங்களையே முடிவு பண்ணிக்கச் சொல்லு. உன்னைவிடவா தப்பாப் பண்ணிடுவாங்க?"

ஆகவே உங்களிடம் ஒப்படைக்கிறேன். தெரிந்தது எல்லாவற்றையும் தந்துவிடுவது என் கடமை. ஓடைப் பாதை முப்பத்தெட்டு கிலோமீட்டர், பெரும்பாலும் உருளைக்கல். சுற்றை முடித்துவிட்டு மாலை ஐந்துக்குள் அலுவலகத்தில் படிவத்தைத் தர வேண்டும். முன் ஸ்பிரிங் முதல் தரம், அப்பர் ஆர்மில் மூடிய குண்டு, ரப்பர் புஷ். முதுகு ஐம்பத்தொரு வருடம் பழையது. கட்டத்திலிருந்த பென்சில் குறியை அவள் அழிக்கவில்லை. அவளுக்கு அழித்துப் பழக்கமில்லை. அடிக்கவும் இல்லை.

சற்று முன்னால் கிளம்பினாள். படிவத்தைப் பையில் வைத்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தவள், ஜன்னலை இறக்கி என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், பேனா குடு. படிவத்துக்கு மைதான் வேணுமாம். என்கிட்ட பென்சில்தான் இருக்கு."

எந்தக் கட்டத்துக்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்பதில்லை என்ற நிபந்தனை நினைவுக்கு வந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. முன் சக்கரங்கள் ஏறின, இறங்கின. பின்கண்ணாடி வழியாகத் தெரிந்த அவள் தலை அசையவே இல்லை. [அசைந்தது. கொஞ்சம்.] பிறகு வண்டி வலப்பக்கம் திரும்பிவிட்டது.

வீட்டில் வேறு பேனா இல்லை. மருந்துக்கடையில் நிறைய இருக்கும், ஆனால் மாமா இன்று என்னோடு பேசுவதில்லை. இந்தக் கடைசி வரிகளை அவளுடைய பழைய பென்சில் துண்டு ஒன்றால் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்குக் கீழே அரைப் பக்கம் காலியாக இருக்கிறது. உங்களிடம் பேனா இருந்தால்